பை பச்சைதான் என்றாள்

அந்தப் பை பழுப்பா சாம்பலா என்று இப்போது கேட்டால் தடுமாறுவேன். பச்சை இல்லை என்பது மட்டும் நிச்சயம். அதையும் முழு நிச்சயம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகம் அது. நிறத்தையும் அளவையும் தட்டினால் பொருள் இருக்கிறதா என்று சொல்லும் கணினி நிரலை நானும் என் கூட்டாளியும் எழுதியிருந்தோம். கூட்டாளிக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஊமைக்கோட்டான்’. அவனிடம் கேள்வி கேட்டுவிட்டுத் தேநீர் குடித்து முடித்தால் பதில் வரும்.

தையல்காரப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்து பச்சைப் பை என்றாள். தட்டினேன். ‘இல்லை’ என்றது கணினி.

“நல்லாப் பாருங்கண்ணே. சாயங்காலம் நாடகம். ராணி போடுற உடுப்பு அதுலதான் இருக்கு. அது இல்லாம கடைப்பக்கமே வராதேன்னுட்டாரு மொதலாளி.”

“பச்சைதானா?”

“என் பை எனக்குத் தெரியாதா?”

மறுபடியும் இல்லை. அவள் கண் கலங்கியது. ஊமைக்கோட்டான் பச்சை நூல் ஒட்டியிருந்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உள்ள இருக்குற துணி என்ன நிறம்க்கா?”

“அதுவும் பச்சைதான். ஒரு மாசமா கண்ணுக்குள்ள அதேதான் நிக்குது.”

எழுந்து உள்ளே போனவன், ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்து, வெளியே பச்சையே இல்லாத ஒரு பையோடு வந்தான். அவள் அதைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “இதுதான்! பச்சைன்னு சொன்னேன்ல!”

அவள் போனதும் எரிச்சலோடு கேட்டேன். “அவங்க தப்பாச் சொன்னா நாம என்னடா பண்றது?”

தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: “அவங்க பையைப் பாக்கவே இல்லடா. உள்ள இருக்குறதத்தான் தூக்கிட்டு வந்தாங்க. நம்ம கணினிதான் வெளியவே நிக்குது.”

அதன்பின் வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கத் தொடங்கினோம். ஒருவருக்குத் தன் குடையின் கனம் மட்டுமே நினைவிருந்தது. ஒரு தாய், குழந்தையின் செருப்பைப் பற்றி “இடது கால்ல கடிக்கும்” என்றாள். இதையெல்லாம் கணினிக்குள் எப்படிக் கொண்டுபோவது என்ற யோசனையிலேயே மழைக்காலம் கழிந்தது.

“அப்புறம் கணினி, யாரு எதச் சொன்னாலும் எடுத்துக் குடுத்துடாதா?” என்று கேட்டேன்.

“சில சமயம் குடுக்கும். நம்மள மாதிரியே ஏமாறும்.” அப்படியே நிரலை மாற்றி எழுதினோம்.

தையல்காரப் பெண் அன்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இப்போது அந்த நாடகக் குழுவுக்கே தைக்கிறாள். கூட்டாளி ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறான். நான் இங்கேயே இருக்கிறேன். செருப்பு கிடைப்பதற்குள் குழந்தையின் கால் வளர்ந்துவிட்டது. குடைக்காரர், கணினி காட்டிய குடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, தன்னுடையதுதான் என்று மகிழ்ச்சியோடு எடுத்துப் போனார். மறுவாரம் இன்னொருவர் வந்து அதே குடையைக் கேட்டார்.