ஓடையைப் பிடித்த கை

விஜயலெட்சுமி தூண்டில் வீசி ஓர் ஓடையைப் பிடித்தது ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. அன்று அப்புத்தளைச் சந்தையில் கரட் கிலோ முந்நூற்றைம்பதுக்குப் போனது. கச்சான் காற்று காலையிலேயே கிளம்பிவிட்டது. தூண்டிலில் முள்கூட இல்லை. வீசிப் பழகுகிறவர்கள் தங்கள் காதையே குத்திக்கொள்ளக் கூடாதென்று நூல் நுனியில் சிவப்புக் கம்பளித் துண்டுதான் முடிந்திருக்கும்.

அந்த ஓடை ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவைத் தாண்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கி வந்தது. பங்களா ஹோட்டலான வருடம் அதை மறித்துக் குளமாக்கி, வெள்ளைக்காரர்கள் பிடித்துப் பிடித்துத் திரும்ப விடுவதற்காக ட்ரவுட் மீன் வளர்த்தார்கள். மிச்சத் தண்ணீரை மறுபக்கப் பள்ளத்துக்குத் திருப்பினார்கள். அறுபது குடும்பம் குடித்துக் குளித்த பீலிக் குழாயில் மறுவாரமே காற்று மட்டும் வந்தது. பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து எடுத்த பெண்கள், மாலையில் மலைப்பாதையில் மூன்று வளைவு இறங்கித் தண்ணீர்க் குடத்தோடு ஏறினார்கள். மீனுக்கு வந்த வாழ்வைப் பார்த்தீர்களா!

விஜயலெட்சுமி ஹோட்டலுக்குப் புல் வெட்டப் போனவள். ஒரு விருந்தாளி நூலைத் தன் கழுத்திலேயே சுற்றிக்கொண்டு திணறியபோது, சிக்கெடுத்துவிட்டுத் தடியை வாங்கி ஒரு வீச்சு வீசிக் காட்டினாள். நூல் பின்னால் நீண்டு, நின்று, முன்னால் போய்ப் பூப்போல் விழுந்தது. இருபத்திரண்டு வருடம் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகக் கூடையில் கொழுந்து எறிந்த கைக்கு அது பெரிய வித்தையா?

ஹோட்டல் மேலாளர் தனேஸ்வரன், யாழ்ப்பாணத்துக்காரர், புத்தகம் பார்த்துத் தூண்டில் படித்தவர். பெருவிரல் தடியின் மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பார். அவளோ முதலில் பழக வந்தவரின் கையை வாங்கிப் பார்ப்பாள். உரமான கைக்குப் பெருவிரல் மேலே. சின்னத் தடிக்கும் குறி பார்க்கிறவருக்கும் ஆள்காட்டி விரல் மேலே. மணிக்கட்டு நோகிறவருக்கு இரண்டு விரலுக்கும் நடுவே தடியைப் படுக்க வைப்பாள். அவளுடைய பெருவிரல் கொழுந்துச் சாயமேறி வெடித்திருந்ததால் அவளுக்கு ஆள்காட்டிதான். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்வாள்: கொழுந்தைக் கிள்ளுவது போலப் பிடிக்க வேண்டும், கசக்கக் கூடாது, கோபமாகப் பிடித்தால் நூல் காலடியிலேயே விழுந்துவிடும்.

அவள் விருந்தாளிகளைப் பழக்கிவிட்டால் காலையில் ஒரு மணி நேரம் லயத்துக்குத் தண்ணீர் திறப்பதாகத் தனேஸ்வரன் வாக்குக் கொடுத்தார். இரண்டு வருடம் பழக்கினாள். ஹோட்டல் விளம்பரத்தில் அவள் கை வந்தது, முகம் வரவில்லை. தண்ணீரும் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கு முந்திய நாள், பக்கத்து வீட்டு இராக்கம்மா குடத்தோடு இரண்டாம் வளைவில் சறுக்கி, கொழுந்து எடுக்கும் வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். விஜயலெட்சுமி விடிந்ததும் தனேஸ்வரனிடம் போய் நின்றாள்.

"கேக்கிறது விளங்குது அக்கா. ஆனா மீன் செத்தா என்ர வேலை போயிடும்," என்றார் அவர்.

"மனுசங்க செத்தா யாரு வேலங்க சேர் போகும்?"

அவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். வந்த கோபத்தோடு அவள் குளக்கரைக்குப் போய்த் தடியை எடுத்தாள். பெருவிரலை மேலே வைத்தாள், சரிவரவில்லை. ஆள்காட்டியை வைத்தாள், அதுவும் இல்லை. கடைசியில், யாருக்கும் சொல்லித்தராத பிடியாக, ஐந்து விரலும் வெளுக்கக் கசக்கிப் பிடித்து வீசினாள். நியாயமாக நூல் காலடியில் விழுந்திருக்க வேண்டும். அது குளத்தைத் தாண்டி, ஓடை பாறையிலிருந்து குதிக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டது. தடியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தாள். ஓடை கல்லும் மண்ணுமாகப் பின்னால் வந்தது. மாரியம்மன் கோவில் மூலையில் சற்று முரண்டு பிடித்தது. ஓர் இழுப்பில் சரியானது. வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் லயத்து வாசலில் தண்ணீர் ஓடியது. நாலைந்து ட்ரவுட்டும் வந்தன. லயத்தில் அன்று மீன்குழம்பு.

அளக்க வந்த நில அளவையாளர் வரைபடத்தில் நீலக்கோட்டை மாற்றிப் போட்டுவிட்டு, ஒரு பிளேன்டி குடித்துவிட்டுப் போனார்.

தண்ணீர் வற்றிச் சேறான குளத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் இருந்த தனேஸ்வரன், பிறகு இறங்கி வந்து அந்தப் பிடியைத் தனக்கும் சொல்லித்தரக் கேட்டார். விஜயலெட்சுமி மறைக்கவில்லை. அவர் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"பிடி சரிதாங்க சேர். இனி நீங்க தண்ணி தூக்கணும். மூணு வளைவு, தெனம் ரெண்டு கொடம். அப்பதான் கைக்கு வரும்."

அவர் குடம் தூக்கவில்லை. தினமும் காலையில் வந்து வீசிப் பார்க்கிறார். கம்பளித் துண்டு அவர் சப்பாத்துக் காலிலேயே விழுகிறது. கட்டுப் பிரித்த கையோடு ஓடையில் சட்டி கழுவும் இராக்கம்மா, அவருக்கு இடம் விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறாள்.