ஒரே தலைவி

சங்கங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் மேசையில் இருந்தவரை அந்த அலுவலகமே 'ஆட்சேபணையார்' என்றுதான் அழைத்தது. அவர் கையில் சிக்கிய விண்ணப்பம், கொடுத்தவருக்குப் பேரன் பிறந்து, அந்தப் பேரனுக்கு மீசை முளைத்த பிறகுதான் வெளியே வரும். முத்திரை கடுகளவு சாய்ந்திருந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். பெயர்களை அவர் படிப்பதே இல்லை. பெயருக்கு அடியில் மை ஊறியிருக்கிறதா என்று பார்க்கவே ஆயுள் போதவில்லை!

செருப்புத் தொழிற்சாலைப் பெண்கள் பதினான்கு பேர் தொடங்கிய இளம்பெண்கள் சங்கம் ஏற்கெனவே இரண்டு முறை திரும்பிப் போயிருந்தது. முதல் முறை மை பச்சை. அடுத்த முறை காகிதம் ஒரு விரற்கடை கூடுதல் நீளம். மூன்றாவது முறை அந்த வாரத்துத் தலைவி, பசைக் கறை போகாத விரல்களோடு அவர் எதிரே வந்து நின்றாள்.

"அதென்னம்மா வாரத்துக்கு ஒரு தலைவி? சங்கம் நடத்துறீங்களா, சட்டை மாத்துறீங்களா?"

"எல்லாரும் பழகணும்ல சார். அந்த வாரம் மேனேஜர்கிட்ட பேசுறது, கூட்டம் நடத்துறது எல்லாம் அவதான். ஏழு மணிக்கு வேலை விட்டதும் ஒவ்வொருத்தியா வாசல்ல விட்டுட்டு, கடைசியா தனியா வீடு போறதும் அவதான். கிடங்குத் தெருவுல தெருவிளக்கே கிடையாது சார். அங்கீகாரம் வந்தா வேன் விடுறோம்னு கம்பெனில சொல்லியிருக்காங்க."

"வேன் கிடக்கட்டும். ஒரே தலைவி, ஒரே பெயர், ஒரே கையெழுத்து. எழுதிட்டு வாங்க."

அன்று வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனைவிக்குப் புரையேறிவிட்டது. அதே தொழிற்சாலையில் தோல் தைக்கும் மகள் மட்டும் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்போ ஒருத்தியே இருந்தாப் போதுமாப்பா?"

"போதும்டி. அதான் சட்டம்."

மறுநாளிலிருந்து மகள் எட்டேகாலுக்குத்தான் வீடு வந்தாள். கேட்டால் ஓவர்டைம் என்றாள்.

"உன்னை விட்டா அந்த மேனேஜருக்கு வேற ஆளே இல்லையாடி?"

"இருக்காங்க. ஆனா ஒருத்திதானே போதும்னாங்க."

அவர் இன்னொரு வாய் சாப்பிட்டார்.

நான்காவது முறை விண்ணப்பம் வந்தபோது மை நீலம், முத்திரை நூல் பிடித்த மாதிரி நேர். குறை தேடித் தேடிக் கண் பூத்துப்போய், வேறு வழியில்லாமல் பெயரைப் படித்தார். தலைவி: அவர் மகள். தந்தை பெயர்: அவருடையது.

முப்பது வருட உத்தியோகத்தில் அன்றுதான் முதன்முதலாக ஓடினார், மேலதிகாரியின் அறைக்கு. நாற்காலி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

"சார், இன்னிக்கே கையெழுத்து வேணும்."

அதிகாரி மேலும் கீழும் பார்த்தார். "உங்க பொண்ணா? அப்போ நீங்க தொடவே கூடாதே. பக்கத்து மேசைக்கு மாத்துங்க."

பக்கத்து மேசைக்காரர் இவரிடமே தொழில் கற்றவர். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. ஓரத்துல ரெண்டு துளைதான் இருக்கணும், மூணு இருக்கு. நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

அந்த மூன்றாவது துளைக்காக ஏழு மணிவரை மன்றாடிவிட்டு, கிடங்குத் தெருவுக்கு ஓடினார். பதின்மூன்று வீட்டு வாசலிலும் விளக்கு எரிந்தது. பதினான்காவது வீடு அவருடையது. அதற்கும் பதின்மூன்றாவதற்கும் நடுவே, விளக்கில்லாமல் ரிவர்ஸில் வந்த லாரி ஒன்று நின்றிருந்தது.

மகளின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் அங்கீகாரம் கிடைத்தது. சான்றிதழைத் தலைவி நேரில் வந்து பெற வேண்டும். அதுவும் ஒரு காலத்தில் அவரே சேர்த்த நிபந்தனை. அலுவலகம் மூன்றாவது மாடி. ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே நின்று அதை மகளிடம் சொன்னார்.

"படி ஏற முடியாதுப்பா. திருப்பி அனுப்பிடுங்க. தலைவிங்கிற இடத்துல பதினாலு பேரையும் எழுதித் தரோம். யாராவது ஒருத்தி வந்து வாங்கிப்பா."

"அதுக்கு விதியில..." என்று தொடங்கியவர், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

வேன் இன்னும் வரவில்லை. அன்று ஏழு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார். பதின்மூன்று பெண்களும் அவரைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கடைசிக் கதவும் சாத்திய பிறகு, அங்கிருந்து தன் வீடு எவ்வளவு தூரம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.