குப்பைத்தொட்டியின் மூடி

மார்ச் மாத வெயில் ஹாலிவுட்டை ஒட்டிய பர்பேங்க் முழுக்கக் கொளுத்திக்கொண்டிருக்க, நடிகர்கள் வசனத்தை முதன்முதலாக வாய்விட்டு வாசித்துப் பார்க்கும் வாசிப்பு அறையில் யாரோ கிறிஸ்துமஸ் ஜிகினாத் தோரணம் கட்டியிருந்தார்கள். கார்ட்டூன் வரைந்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் டிசம்பர் பண்டிகையை இங்கே மார்ச்சிலேயே கொண்டாடித் தீர்த்துவிடுவார்கள். நீள மேஜையைச் சுற்றிக் குரல் நடிகர்கள், சுவரோரம் சேனல்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் சிரிப்பதற்கென்றே அழைக்கப்பட்ட ஓவியர்கள். மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த லோர்னா ஹாஸ்கெல், ஆர்ரின் டீக் வருகிறாரா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உட்காருவதற்குள் ஒரு விஷயத்தை அவர் காதில் போட்டாக வேண்டும். இல்லையென்றால் அவள் அவருக்குக் கொடுத்த வாக்கு இத்தனை பேர் முன்னால் காற்றில் பறக்கும்.

ஆர்ரினின் பெயர் பலருக்குத் தெரியாது, ஆனால் அவரைப் பார்க்காத அமெரிக்கர் கிடையாது. கறுப்பு வெள்ளைக் காலத்துக் கிறிஸ்துமஸ் படம் ஒன்று. ரயிலில் தொலைந்துபோன பையன் பனியில் நடந்தே வந்து, பண்டிகைக்கு முந்தின இரவு தன் வீட்டுக் கதவைத் தட்டுவான். 'கதவத் திறம்மா, நான்தான்.' வருடா வருடம் அதைப் பார்த்து நாடே மூக்கைச் சிந்தும். அந்தப் பையன்தான் ஆர்ரின். காய்கறிக் கடையில், பல் டாக்டரிடம், மனைவியின் சாவு வீட்டில்கூட, ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் யாருக்கும் சொன்னதில்லை.

அந்தப் படத்தைக் கேலி செய்யும் கதையை லோர்னாதான் எழுதியிருந்தாள். தொடரின் நாயகர்கள் டோனட் கடைக் குப்பைத்தொட்டியில் குடியிருக்கும் ரக்கூன் குடும்பம், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு ராத்திரியில் குப்பையைக் கிளறித் தின்னும் பிராணிகள். அதனால் படத்தில் வந்த பனி இதில் சர்க்கரைத் தூள், வீடு குப்பைத்தொட்டி, கதவு அதன் மூடி. தொலைந்த பையன் கிழ ரக்கூனாகித் திரும்பி வருகிறான். அந்தக் கிழட்டுக் குரலுக்கு ஆர்ரினையே பிடித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியபோது எல்லோரும் அவளைத் தூக்கி வைத்து ஆடினார்கள். கிளென்டேலில் அவர் வீட்டுக்குப் போனாள். தக்காளி சூப் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்.

"உங்கம்மா உள்ளதான் இருக்காங்க, நீ சரியா கூப்பிட்டா திறந்துடுவாங்கன்னு டைரக்டர் சொன்னாரு. நாள் பூரா கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னால வெறும் பலகை. எங்கம்மா காலையிலயே என்னை ஸ்டுடியோவுல விட்டுட்டுப் போயிட்டா. அப்புறம் வரவே இல்ல. நீங்கல்லாம் பாத்து அழுவுறீங்களே, அது நடிப்பு இல்ல பொண்ணே."

"அந்த வரி உங்க வாயில வராது. நான் பொறுப்பு," என்றாள் லோர்னா. அதன் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் எழுத்தாளர் அறையில் யார் கதை யாருக்குச் சொந்தம்? எல்லோரும் எல்லாவற்றிலும் கை வைப்பார்கள், சிரிப்பு வராத வரி அங்கேயே செத்துவிடும், எழுதியவள் பெயர் மட்டும் மிஞ்சும். நேற்று மத்தியானம் தலைமை எழுத்தாளர் டோவ் அந்த வரியைக் கிழ ரக்கூனின் வாயில் வைத்தான். அது கூப்பிட்டு முடித்ததும் மூடி அதன் தலையிலேயே விழ வேண்டும். கேலி செய்வதென்றால் ஜனங்களுக்கு நெஞ்சடைக்கிற இடத்தில்தான் கை வைக்க வேண்டும் என்றான். அவர் சொல்லமாட்டார் என்று லோர்னா முனகினாள். "முன்னால பேப்பர் இருந்தா எந்த நடிகனும் வாசிப்பான்," என்றான் டோவ். மூடி விழும் இடத்தை அவன் நடித்துக் காட்டியதும் அறையே உருண்டது. லோர்னாவும் சிரித்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. ராத்திரி ஆர்ரினுக்குப் போன் அடித்துப் பார்த்தாள், அவர் எடுக்கவில்லை.

ஆர்ரின் தாமதமாக வந்தார். லோர்னா எழுந்து பாதி தூரம் போவதற்குள் சேனல் அம்மாள் அவர் கையைப் பிடித்து, குலுக்கி, தன் சின்ன வயசுக் கிறிஸ்துமஸையெல்லாம் ஒப்பித்து, எதிர்க் கோடியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். அவருக்கு எதிரே பெட்டினா, இருபது வருடமாக அம்மா ரக்கூனின் குரல். டோவ் கை தட்டினான். வாசிப்பு தொடங்கிவிட்டால் யாரும் குறுக்கே பேசக் கூடாது, கூரை இடிந்து விழுந்தாலும் கூடாது. காட்சிக் குறிப்புகளை மட்டும் கதையை எழுதியவர் வாசிப்பார், உணர்ச்சி இல்லாமல், ரயில் அறிவிப்பு மாதிரி. வாசித்துக்கொண்டே லோர்னா கண்ணால் அவருக்குச் சாடை காட்டப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

சிரிப்பு நன்றாக வந்தது. சர்க்கரைத் தூளுக்கு ஓவியர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் அந்த வரிக்கு இன்னும் எத்தனை பக்கம் என்று லோர்னா எண்ணினாள். இருமலாமா, மயங்கி விழலாமா என்றுகூட யோசித்தாள்.

"கிழ ரக்கூன் மூடியைத் தட்டுகிறது," என்று வாசித்தாள்.

ஆர்ரின் பக்கத்தைத் திருப்பி, விரல் முட்டியால் மேஜையை மூன்று முறை தட்டினார். அடுத்த வரியைப் பார்த்தார். மறு கையால் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு லோர்னாவைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் தேவலை. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தே வந்தவர் போலப் பார்த்தார். சுவரோரம் சேனல் அம்மாள் இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டாள்.

"கதவத் திறம்மா," என்றார் ஆர்ரின். கிழக் குரல் அதில் இல்லை. "நான்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. டோவ் உதட்டோரம் சிரிப்பை வைத்துக்கொண்டு, மூடி விழட்டும் என்று அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் முன்னால் இருந்த தாளில் இருந்தது இரண்டே வரி. யாரும் திறக்கவில்லை. மூடி அதன் தலையில் விழுகிறது. லோர்னா வாயைத் திறந்தாள்.

"மூடி திறக்கிறது," என்று வாசித்தாள்.

நாற்பது ஐம்பது தாள்கள் ஒரே நேரத்தில் சலசலத்தன.

"லோர்னா, அது பேப்பர்ல இல்ல," என்றான் டோவ்.

"உள்ளே விளக்கு எரிகிறது," என்று அதே ரயில் அறிவிப்புக் குரலில் தொடர்ந்தாள். டோவ் பக்கம் அவள் திரும்பவில்லை. "அம்மா ரக்கூன் எட்டிப் பார்க்கிறது."

பெட்டினா பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். அங்கே அவளுக்கு வசனம் கிடையாது. தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே பார்த்தாள். தட்டின கையை ஆர்ரின் இன்னும் இறக்கவில்லை. மடக்கிய விரல்கள் மேஜைக்குக் கொஞ்சம் மேலே அப்படியே நின்றிருந்தன.