சீர் வாத்து

மலாக்கா காஜா பேராங்கில் பாக்கியலட்சுமி வீட்டுக் கொல்லைக்கு ஒரு சட்டம் உண்டு. வெளியிலிருந்து வருகிற வாத்து சுல்தான் அரண்மனை வாத்தாகவே இருந்தாலும் நேரே பட்டிக்குள் நுழைய முடியாது. வாழையடியில் தனிக் கூண்டு, தனித் தண்ணீர், தனித் தீனி. பதினைந்து நாள் அதன் எச்சத்தைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், நடையைப் பார்ப்பாள். உள்ளே சீக்கு ஒளிந்திருந்தாலும் அதற்குள் கழிந்துபோகும் என்பது அவள் கணக்கு. பிறகு கூண்டை நகர்த்திப் பட்டியின் கம்பி வலையோடு ஒட்டி வைப்பாள். அந்தப் பக்கம் பழசும் இந்தப் பக்கம் புதுசும் ஒன்றையொன்று பார்த்துக் கத்தித் தீர்த்துக்கொள்ளும். கத்தல் ஓய்ந்த பிறகுதான் ஒரு சாயங்காலம் கதவைத் திறப்பாள். தவிட்டை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, கையில் விளக்குமாற்றோடு நடுவில் நிற்பாள். எந்தப் பழசாவது புதுசின் கழுத்தைக் கவ்வினால் விழும் ஒன்று.

"சம்மந்தம் பேசற மாதிரி மெல்ல மெல்லத்தான் சேக்கணும்" என்பாள்.

சும்மா வந்த சட்டம் இல்லை அது. ஜப்பான்காரன் காலத்தில், சந்தையில் சல்லிசாகக் கிடைத்தது என்று இரண்டு வாத்தை வாங்கி வந்து அன்றைக்கே பட்டியில் விட்டாள். வந்த இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டு வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தொங்கப்போட்டுச் செத்தன. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நாளில் முட்டையும் போனது. சீக்கைச் சுமந்து வருகிற வாத்தை அது ஒன்றும் செய்யாது, சேர்ந்த இடத்தைத்தான் காலி செய்யும் என்று அன்று வயிறு காய்ந்து தெரிந்துகொண்டாள். அப்படித் தெரிந்துகொண்டதை யாரும் மறப்பார்களா? பாக்கியமும் மறக்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் கொடுமை.

மலாயா விடுதலை பெற்று மெர்டேக்கா கொண்டாடிய அதே ஆவணியில் அவள் மகன் கலியாணசுந்தரத்துக்குக் கல்யாணம் நடந்தது. தெருவில் கட்டிய கொடிகளைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. பெண் ஜெயா, புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் நல்லையாவின் மூத்த மகள். பையனோ பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிக்கிறவன், காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான். தோட்டத்துப் பெண்ணை எடுக்கிறார்களே என்று உறவில் முணுமுணுப்பு இருந்தது. பாக்கியம்தான் பிடிவாதமாக நின்றாள். பெண் பார்க்கப் போன அன்று ஜெயா ஓடைக்கரையில் நின்று குரல் கொடுக்க, வாத்துகள் வரிசையாகக் கரையேறி வந்ததைப் பார்த்தாள். அதோடு முடிவாகிவிட்டது.

நல்லையாவிடம் வெள்ளிப் பாத்திரம் வாங்க வசதியில்லை. ஒரு குத்துவிளக்கும், மகள் கையால் வளர்த்த ஐந்து முட்டை வாத்தும் சீராகக் கொடுத்தார். பிரம்புக் கூடைக்கு மஞ்சள் பூசி, பூச்சரம் சுற்றி, தாம்பூலத் தட்டுகளுக்கு நடுவே வைத்து எடுத்து வந்தார்கள். ஜெயா வலது காலை வைத்து உள்ளே வந்தாள். கூடையும் பின்னாலேயே வந்தது.

பாக்கியம் கூடையை வாங்கிக்கொண்டு நேரே கொல்லைக்கு நடந்தாள். கால் தானாக வாழையடிக்குத்தான் போனது. பின்னாலிருந்து அவள் நாத்தனார் சாரதாம்பாளின் குரல் கேட்டது. புருஷன் மருதமுத்துவின் அக்கா. நல்லது கெட்டது எதற்கும் அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"எங்க கொண்டு போற பாக்கியம்?"

"தனியா விடறேன் அண்ணி. கொஞ்ச நாள்..."

"நல்லா இருக்கே! சீரா வந்ததைத் தனியா ஒதுக்கி வைக்கறதா? பொண்ணும் மாப்பிள்ளையும் ஒதுங்கிப் போகணுமா? இருக்கறதோட சேர்த்து விடு."

வந்திருந்த பெண்கள் நான்கைந்து பேர் கொல்லை வாசலில் கூடிவிட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "தோட்டத்துச் சீர்தானேன்னு ஒதுக்கி வைக்கறாங்களோ என்னவோ" என்றாள்.

நல்லையா கூட்டத்துக்குப் பின்னால் தோளில் துண்டோடு நின்றிருந்தார். அது அவர் காதில் விழுந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். பாக்கியத்துக்கு முகம் தீயாக எரிந்தது. 'சீக்கு இருந்தால் என்ன செய்வது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சம்மந்தி வீட்டுச் சீரைப் பார்த்துச் சீக்கு என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? மாமியார்க்காரி திமிரைப் பார் என்று ஊர் சிரிக்காதா? அவள் பட்டிக் கதவைத் திறந்து கூடையைக் கவிழ்த்தாள்.

அன்று பழசுகள் புதுசுகளைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. பெரிய ஆண் வாத்து, புதுசு ஒன்றின் பிடரியைக் கவ்வி மூலைக்கு மூலை இழுத்தது. ஐந்தும் வேலியோரம் ஒடுங்கி நின்றன. ஜெயா கல்யாணப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"பயந்திருக்குதுங்க அத்தை. நான் பாத்துக்கறேன்" என்றாள். அவளுடைய முதல் பேச்சே அதுதான்.

கூடிய சீக்கிரம் அடிதடி நின்றது. தவிட்டைச் சேர்ந்தே தின்றன, கொல்லையோரச் சாக்கடை லோங்காங்கில் சேர்ந்தே இறங்கின. பரவாயில்லை, நாம்தான் வீணாகப் பயந்தோம் என்று பாக்கியம் மூச்சு விட்டாள். அந்த நினைப்பு ஒரு வாரம் தாங்கவில்லை.

முதலில் ஒரு வாத்து தீனிக்கு வரவில்லை. கண்ணில் பீளை, இறக்கை தரையில் இழுபட, பச்சையாகக் கழிந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் பாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பாவி, அதேதான். ஜப்பான்காரன் காலத்தில் பார்த்த அதே கழிச்சல். சுண்ணாம்பு தூவினாள், மஞ்சளை அரைத்து வாயில் ஊற்றினாள், பட்டியைக் கழுவிக் கழுவிக் கை வெந்தது. ஒன்றும் நிற்கவில்லை. பெரிய ஆண் வாத்து போனது. முட்டையிடுகிறவை வரிசையாகப் போயின. ஆவணி முடிவதற்குள் பட்டியில் பாதிக்கு மேல் காலி. ஜெயாவின் ஐந்தும் மட்டும் பளபளவென்று வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன.

சாரதாம்பாள் வந்து பார்த்தாள். பார்த்ததோடு விட்டாளா?

"அவ வாத்து கொழுக்குது, வீட்டு வாத்து சாவுது. இதுக்கு மேல என்னடி சாட்சி வேணும்? வந்தவ கால் சரியில்ல பாக்கியம். இன்னிக்கு வாத்து. நாளைக்கு யாரோ?"

'நீங்கள்தானே சேர்க்கச் சொன்னீர்கள்' என்று பாக்கியத்துக்கு வாய் வரை வந்தது. சொன்னால், தெரிந்தும் நீ ஏன் விட்டாய் என்று புருஷன் கேட்பார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏன் நேற்றே சொல்லவில்லை என்கிற கேள்வியும் அல்லவா சேர்ந்துகொண்டது? உள்ளே இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. பழியைச் சுமக்க வேறொருத்தி இருந்தது அவளுக்கு வசதியாக இருந்தது. கெட்ட புத்திதான். அவளுக்கே அது தெரிந்திருந்தது, ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கலியாணசுந்தரத்திடம் டிப்போவில் யாரோ கேட்டுவிட்டார்களாம். அவன் பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினான். இராத்திரி பஸ் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். செத்ததைப் புதைப்பதெல்லாம் ஜெயாதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டு வந்து குளிப்பாள். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒரு மத்தியானம் அவள் ஐந்து வாத்தையும் கூடையில் அடைத்து, அரிவாள்மணையோடு கொண்டு வந்து பாக்கியத்தின் முன்னால் வைத்தாள்.

"அத்தை, இதுங்களை அறுத்துடுங்க. இதுங்க போனா தோஷமும் போகும்னு பெரியத்தை சொல்றாங்க. என் கையால அறுக்க வரல."

குஞ்சாக இருந்தபோது மடியில் வைத்துச் சோறு ஊட்டி வளர்த்தவை என்று நல்லையா சொல்லியிருந்தார்.

"எடுத்துட்டுப் போ, உள்ள போய்ப் படு" என்றாள் பாக்கியம். அடுப்படிக்குப் போய்ப் புகைக்குள் உட்கார்ந்து அழுதாள். அழுது என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அழுதால் பெண்ணின் பழி கரைந்துவிடுமா?

புரட்டாசி பிறந்ததும் மருதமுத்து பேச்சை எடுத்தார். நல்ல மனிதர்தான், அக்கா சொல்லைத் தட்டாதவர்.

"தை வரைக்கும் பொண்ணு அப்பன் வீட்ல இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கலியாணசுந்தரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெயா போய்த் தகரப் பெட்டியை எடுத்துத் துணியை அடுக்க ஆரம்பித்தாள். தோட்டத்துக்கு ஆள் போயிற்று.

நல்லையா ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கூடையில் மூன்று வாத்து. யாரிடம் எதைக் கொடுத்து வாங்கினாரோ. வாசற்படியில் ஏறாமல் கீழேயே நின்றார்.

"சம்மந்தியம்மா, உங்க பட்டி காலியாப் போச்சாம். என் பொண்ணால வந்த நஷ்டம். என்னால முடிஞ்சது இது. மன்னிச்சுக்குங்க" என்று கை கூப்பினார். பால் கறை ஏறிய, காய்த்துப்போன கை.

சாரதாம்பாள் உள்ளிருந்தே சொன்னாள்: "இன்னும் எதுக்குய்யா வாத்து? கொண்டு வந்த வரைக்கும் போதும். அதை வெளியவே வைங்க."

பாக்கியம் அந்தக் கூப்பிய கையைப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. விறுவிறுவென்று படியிறங்கி வந்து கூடையை வாங்கினாள். திரும்பி நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில் பேசினாள்.

"ஏன் அண்ணி, இதை மட்டும் வெளிய வைக்கணும்? அன்னிக்குச் சீரைத் தனியா வைக்கக் கூடாதுன்னீங்களே! அன்னிக்கும் வெளியதான் வச்சிருக்கணும். எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்துலயே எனக்குத் தெரியும். சீக்கு இருக்குதோ இல்லையோ, பதினஞ்சு நாள் பாக்காம சேக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும், நாலு பேர் சிரிப்பாங்கன்னு பட்டியைத் திறந்து விட்டேன். வாத்து செத்தது அதனாலதான். இந்தப் பொண்ணு காலாலயும் இல்ல, கையாலயும் இல்ல. என் பயத்தால செத்துச்சு."

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மருதமுத்து, "என்ன பேசறே நீ? தெரிஞ்சுமா இத்தனை நாள்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கலியாணசுந்தரம் மெல்ல ஜெயாவிடம் போய், "பெட்டியைக் கீழ வை ஜெயா" என்றான்.

அவள் வைக்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. பாக்கியத்தைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு முதல் நாள்லேர்ந்தே தெரியுமா அத்தை?"

"தெரியும் தாயி."

"நான் எந்தப் பாவம் செஞ்சு வந்தேன்னு தினமும் சாமி படத்துக்கு முன்னால நின்னு அழுதேன். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டேன்" என்றாள் பாக்கியம். வேறு என்ன சொல்வாள்? வெட்டிப் போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஜெயா கோபப்படக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

ஜெயா பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் அப்பாவோட போறேன். எங்க லயத்து வீடுங்க பூரா இந்தப் பேச்சு வந்துடுச்சு. ராசி கெட்டவன்னு என்னைச் சொன்னா நான் தாங்கிக்குவேன். என் தங்கச்சியைப் பாக்க வர இருந்தவங்க வரமாட்டோம்னு சொல்லியனுப்பிட்டாங்க. இங்க பேசினது அங்க யார் காதுல விழப்போகுது? நீங்க அங்க வாங்க அத்தை. இப்ப சொன்னதை எங்க ஜனங்க முன்னால நின்னு சொல்லுங்க. அப்புறம் நான் வரேன்."

"ஜெயா, பெரியவங்ககிட்ட..." என்று நல்லையா பதறினார்.

"சரியாத்தான் கேக்கறா" என்றாள் பாக்கியம்.

சாரதாம்பாள் வாசலுக்கு வந்தாள். "பையனைப் பெத்தவ போயி பொண்ணு வீட்டு லயத்துல நின்னு தப்புன்னு சொல்றதா? நம்ம மானம் என்னாகறது? ஒரு நல்ல நாள் பாத்து ஆள் அனுப்பிப் பேசிக்கலாம்டி."

"நாள் பாத்துப் பாத்துத்தான் அண்ணி இவ்வளவு தூரம் வந்தேன். இன்னும் ஒரு நாள் விட்டா திரும்ப வாய் வராது. என்னை எனக்குத் தெரியாதா?"

அவள் கூடையைக் கொண்டுபோய்ப் புருஷன் கையில் கொடுத்தாள். "இந்த மூணையும் வாழையடியில விடுங்க. பட்டியில இருக்கற எதுவும் கிட்ட வரக் கூடாது. தண்ணியும் தனி, கலக்கிடாதீங்க." மருதமுத்து அதை வாங்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். கலியாணசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வரேம்மா" என்றான்.

"நீ எதுக்கு? அவ உன்னையும் கூப்பிட்டாளா?"

அவன் ஜெயாவைப் பார்த்தான். அவள் பெட்டியோடு படியிறங்கிவிட்டாள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

பாக்கியம் அடுப்படிப் புடவையோடுதான் இருந்தாள். மாற்றிக்கொண்டு வாருங்கள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று நல்லையா சொன்னார். உள்ளே போனால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குப் பயம். தலையை மட்டும் கையால் கோதிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஜெயாவிடமிருந்து பெட்டியை வாங்கக் கையை நீட்டினாள். ஜெயா கொடுக்கவில்லை.

மூவரும் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். பாக்கியம் முன்னால் போனாள். தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள், ஒருவர் விடாமல் இருப்பார்கள் என்ற நினைப்பு கூடவே வந்தது. அவள் நடையைக் குறைக்கவில்லை.