நாற்பத்தொரு கடிதங்கள்

எங்கள் பேராசிரியரின் கட்டுரை தயாராகிவிட்டது. மருத்துவத் தரவுகளை எல்லோருக்கும் திறந்துவிடுவது பற்றிப் பத்து வருடங்களில் உலகத்தில் யார் யார் என்னென்ன ஆராய்ந்தார்கள் என்று எண்ணிச் சொல்கிற கட்டுரை. வரைபடத்தில் ஆராய்ச்சிகளின் எண்ணிக்கைக் கோடு ஜோராக மேலே ஏறுகிறது. கடைசி வரி: "எங்கள் துறையின் தரவுகளும் கேட்பவர்களுக்குத் தரப்படும்."

படித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கேட்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? எங்களிடம் அபூர்வ நோய்களின் பதிவேடு இருக்கிறது. அதைக் கேட்டு வரும் கடிதங்களைத் தரவுக் குழு பார்க்க வேண்டும். குழு கூடி இரண்டு வருடமாகிறது. தலைவர் யார்? பேராசிரியரேதான். அதனால் "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று என் பெயர் போட்டு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். வந்த கடிதங்களுக்கெல்லாம் திங்கட்கிழமைகளில் டீ ஆறுவதற்குள் அதையே தட்டிவிடுவேன். எதையும் படிப்பதில்லை.

"சார், இதுவரைக்கும் நாப்பத்தோரு பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் குடுக்கல."

"குடுத்தா நமக்கு முன்னாடி அவன் பேப்பர் போட்டுடுவான். நாம வாயில விரல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"அப்போ அந்தக் கடைசி வரி?"

"அது இல்லன்னா பத்திரிகையில எடுத்துக்க மாட்டாங்கம்மா" என்று சிரித்தார். அந்தப் பல்லைப் பார்க்கவே சகிக்கவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுடைய ஒன்பது வயது மகளுக்குத் தசைகளைத் தின்னும் அபூர்வ நோய். புது மருந்து ஆரம்பித்ததிலிருந்து ஓயாத வாந்தி. எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

"டாக்டர் குத்துமதிப்பாத்தான் மருந்து குடுக்குறாரு" என்றாள் அக்கா. "இதே நோய்க்கு மத்த பிள்ளைங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு ஒரு பதிவேட்டுல இருக்காம். நாலு மாசம் முன்னாடியே எழுதிக் கேட்டிருக்காரு. வந்த பதில இன்னைக்கு எனக்கு அனுப்பினாரு."

போனை நீட்டினாள். வாசிக்கவே வேண்டியதில்லை, எனக்கு மனப்பாடம்.

"கீழ உன் பேருதானே இருக்கு?" அவள் குரலில் கோபமில்லை. "பரிசீலனைன்னா எத்தனை நாளாகும்டி?"

பேராசிரியரைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது என் விரல்களைப் பார்த்து வந்தது.

"அவரு கடிதத்த யாரும் பாக்கலக்கா. நான்கூடப் படிக்கல."

உள்ளே பிள்ளை ஓங்கரித்தாள். அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.