ஆத்து எறா

எறாவின் தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பைக் கட்டைவிரல் நகத்தால் இழுத்துப் போட கெங்கம்மாவுக்கு ஒரு மூச்சு நேரம் போதும். விடிந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். விரல் நுனிகள் ஊறி வெளுத்துவிட்டன. ஊர்ப் பொதுக்கூடத்தின் பின்வாசலில் மற்ற ஐந்து பெண்களும் சின்ன வெங்காயத்தோடும் பூண்டோடும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாக்கா, எறா பெருகிப் போச்சா? நாம சொன்னதுக்கு மேல கீது," என்றாள் செங்கொடி. மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"ஐஸ் எறா வெந்தா சுருங்கிப் பூடும். அதான் கொஞ்சம் சேத்து வாங்கியாந்தேன்."

"காசிமேட்லதான?"

"வேற எங்க?"

செங்கொடி அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்கு வேறு கவலைகள். நகரத்தில் கடற்கரைப் பக்கம் மைதானத்தில் உணவுத் திருவிழா. அதில் எண்ணூர்ப் பெண்களுக்கு ஒரு கடை கொடுத்திருந்தார்கள். கூட்டம் வந்து நல்ல பேர் எடுக்கிற குழுவுக்கு அங்கேயே நிரந்தரமாக ஒரு கடை என்று சொல்லியிருந்தார்கள். ஆறு பேருக்கும் அது ஒன்றுதான் பேச்சு. மீன்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகவேண்டியதில்லை. ஓரிடத்தில் நின்று விற்கலாம். மழை பெய்தால் மேலே கூரை இருக்கும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கியது உண்மைதான். குழு சொன்ன அளவு வாங்கியிருந்தாள். மீதி அவள் புருஷன் பக்தவச்சலம் கொண்டுவந்தது.

ஆற்றில் வலை கட்ட ஊரில் முறை உண்டு. ஒரு நாள் ஒரு வீடு. முந்தாநாள் ராத்திரி அவனுடைய முறை. முகத்துவாரத்தில் விடிய விடிய நின்று, வலையை உதறி ஒரு கூடை எறா கொண்டுவந்தான். தடித்த, உயிருள்ள எறா. சாலையோரம் கூடையை வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தான். வண்டியை நிறுத்தினவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். ஆத்து எறாவா, கடல் எறாவா? ஆற்றில் கம்பெனி எண்ணெய் கலந்ததிலிருந்து இப்படித்தான்; ஆறு என்றதும் வண்டியைக் கிளப்பினார்கள். கூடை நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தது. அவன் கூடையை வாசலில் வைத்துவிட்டு, குழாயடியில் நெடுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தான். முறை நாளில் கூடை காலியாகாமல் திரும்பியவனை ஊரில் நாலு நாள் வைத்துப் பேசுவார்கள்.

நேற்று சாயங்காலம் அவன் தூங்கி எழுந்ததும் அவள் சொன்னாள். "நாளைக்கு சாய்ந்தரம் திருவிழாவுக்கு வாய்யா. வந்து பாரு, உன் எறாவ எவ்ளோ பேரு துன்றானுங்கன்னு."

"செங்கொடிக்குத் தெரியுமா மே?"

"தெரிஞ்சா இன்னா? நாம துன்றதில்லியா? செத்தா பூட்டோம்?"

அவன் சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்தது.

குட்டியானை வண்டியில் பாத்திரம், அடுப்பு, ஆப்பச்சட்டிகளோடு மதியத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைக்கு மேலே துணிப்பலகையில் 'எண்ணூர் மீனவப் பெண்களின் எறா தொக்கு' என்று பெரிதாக எழுதி, படகுப் படம் போட்டிருந்தது. அடுத்த கடை கேக் கடை. ரெஜி என்ற பையன், பெரம்பூரில் ஒரு பேக்கரியில் வேலை செய்பவன், கூம்பு உறையை அழுத்தி நீல கிரீமில் அலை வரைந்துகொண்டிருந்தான். அலைக்கு மேலே ஒரு சர்க்கரை மீன்.

"இன்னா தம்பி, மீனுக்குச் செதில் வைக்கலியா?" என்றாள் கெங்கம்மா.

"வெச்சிகினே கீறேன் ஆன்ட்டி. உங்க குழம்பு வாசனைல கை ஓடல."

தொக்கு இறங்கியதும் முதல் தட்டை அவனுக்குத்தான் கொடுத்தாள். பாக்குமட்டைத் தட்டில் இரண்டு ஆப்பம், நடுவில் தொக்கு. அவன் ஒரு வாய் வைத்துவிட்டு, "சூப்பர் ஆன்ட்டி," என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் வந்தது. செங்கொடி தட்டு நீட்ட, கெங்கம்மா தொக்கை அள்ளி வைத்தாள். பக்தவச்சலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்தில் வந்திருந்தான். கடையின் ஓரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பிடுகிறவர்களின் வாயைப் பார்த்தான். ஒருத்தன் இன்னொரு தட்டு வாங்கியபோது கெங்கம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

கண்ணாடி போட்ட ஒருவர் தட்டோடு திரும்பி வந்தார். பாதி சாப்பிட்டிருந்தார்.

"ஏம்மா, இதுல மண்ணெண்ணெய் வாடை அடிக்குது."

"எங்க சார்? அடுப்பு கேஸ் அடுப்பாச்சே," என்றாள் செங்கொடி.

"அடுப்பு இல்லம்மா. எறாவுல. மோந்து பாருங்க."

செங்கொடி ஒரு எறாவை வாயில் போட்டு மென்றாள். "ஒண்ணியும் இல்லியே சார்." அடுத்தவள் எடுத்துப் போட்டாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். கெங்கம்மாவும் சாப்பிட்டுப் பார்த்தாள். புளி சரியாக இருந்தது. காரம் சரியாக இருந்தது. எறா இனித்தது. ஆறு பேரும் ருசி பார்த்தார்கள். ஆறு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாதான கீது. இவருக்கு ஜலதோஷமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

வரிசையில் நின்ற ஒரு பெண் தன் குழந்தை துப்பியதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒருவன் தட்டைப் படம் எடுத்துப் போனில் ஏதோ தட்டினான். சிரிப்பு நின்றது.

மோகனப்ரியா வந்தாள். திருவிழாவை நடத்தும் கம்பெனியில் வேலை செய்பவள். கழுத்தில் அடையாள அட்டை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். உடனே காகிதத்தில் துப்பினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி துப்பினாள்.

"ஐயோ. பெட்ரோல் மாதிரி இருக்கும்மா. உங்க யாருக்கும் தெரியலையா?"

செங்கொடி இன்னொரு எறாவை எடுத்து மோந்து பார்த்தாள்.

"நிஜமாவே தெரியலையா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. பயந்துபோய்க் கேட்டாள். கெங்கம்மா நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்தாள். புளி, காரம், இனிப்பு. வேறொன்றும் இல்லை. செங்கொடியும் வாய்க்குள் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. எல்லாரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடை மேசைக்கு அடியில் ஒரு பாக்குமட்டைத் தட்டு கண்ணில் பட்டது. இரண்டு ஆப்பமும் அப்படியே இருந்தன. ரெஜி குனிந்து செதில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எறா எங்க வாங்குனது?" என்றாள் மோகனப்ரியா.

"காசிமேடு மேடம்," என்று செங்கொடி கெங்கம்மாவைப் பார்த்தாள். "சொல்லுக்கா."

கெங்கம்மாவுக்குக் காது சுட்டது. பக்தவச்சலம் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றான். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"காசிமேடுதான். மேல கொஞ்சம்... ரோட்டோரமா ஒருத்தன் கூடய வச்சிகினு குந்தினுருந்தான். அவன்கிட்ட வாங்கிச் சேத்துட்டேன்."

"யாரு அவன்?"

"தெரியாது மேடம். யாரோ. கலீஜ் ஆளு."

செங்கொடி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். ஆறு குடும்பத்து வயித்துல அடிச்சிட்டான், கட்டையில போறவன், அவன் கை அழுகிப் பூடணும் என்றாள். திட்டிக்கொண்டே போனவள், கம்பத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். விடிய விடிய தண்ணீரில் கிடந்த கை. நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து உரிந்திருந்தது. வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டாள்.

மோகனப்ரியா பக்தவச்சலத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"கூட வந்தவன் மேடம்," என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்த மாரி ஆளுங்க ரோட்ல நெறைய கீறானுங்க. நம்பி வாங்கக் கூடாது. நாலு ஒத வுட்டாதான் சரிப்படுவானுங்க."

கெங்கம்மா அடுப்பை அணைக்கக் குனிந்தாள். அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

மோகனப்ரியா போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். இதைக் கீழே கொட்டிவிடவேண்டும் என்றாள். திருவிழாவில் ஒரு ஹோட்டல் போட்டிருக்கும் கடையில் உறைந்த எறா பாக்கெட் இருக்கிறது, தருவார்கள். வெளிநாட்டுக்குப் போகிற தரம். புதிதாகச் செய்யலாம். ஒரு பையன் ஏணி போட்டு ஏறி, பலகையில் 'எண்ணூர்' என்ற எழுத்துகளின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினான்.

"யாரோ போன்ல போட்டுட்டாங்கம்மா," என்றாள் மோகனப்ரியா. "இனிமே வர்றவங்க கேப்பாங்க. நீங்களே முன்னாடி நின்னு கூப்பிட்டுச் சொல்லணும், இது வேற எறான்னு. கூட்டம் வந்தா பாக்கலாம். வரலைன்னா கடைய மூடச் சொல்லிடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"குப்பை டிரம் பின்னால கீது. நான் கொட்டியாறேன்," என்றான் பக்தவச்சலம். அண்டாவைத் தோளில் தூக்கி வைத்தான். வெள்ளைச் சட்டையில் எண்ணெய் வழிந்தது. பார்க்காமலே போனான்.

உறைந்த எறா எல்லாம் ஒரே அளவாக இருந்தது. தலை இல்லை, நரம்பு இல்லை, மணமும் இல்லை. உரிக்க வேலையே இல்லை. இரண்டாவது தொக்கு இறங்கும்போது விளக்குகள் எரிந்துவிட்டன. கடைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. போகிறவர்கள் பலகையையும் ஒட்டிய தாளையும் பார்த்துவிட்டுக் கேக் கடைக்குப் போனார்கள்.

"மேல தூவ சின்ன வெங்காயம் எங்கக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். பின்பக்கத் துணியை விலக்கி எடுக்கப் போனாள் கெங்கம்மா.

குப்பை டிரம்மின் மூடி மூடியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் பக்தவச்சலம் அண்டாவை முன்னால் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு தட்டு. ஆறிப்போன தொக்கைச் சோறில்லாமல், ஆப்பமில்லாமல் அள்ளித் தின்றுகொண்டிருந்தான். பசிக்குத் தின்பது போல இல்லை. முடிக்கவேண்டிய வேலை போலத் தின்றான். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"நல்லாதாம்மே கீது," என்றான்.

அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு துணியை இழுத்து மூடினாள்.

"யக்கா, உனக்குத்தான் தொண்ட நல்லா கீது. கத்து," என்றாள் செங்கொடி. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கெங்கம்மா கடைக்கு முன்னால் வந்து நின்றாள். இத்தனை வருஷம் கொருக்குப்பேட்டைச் சந்துகளில் மூன்றாவது மாடிக்குக் கேட்கும்படி மீன் கூவிய தொண்டை அது. மெதுவாகக் கூவ அதற்குத் தெரியாது.

"வாங்க சார், வாங்கம்மா! சூடா எறா தொக்கு! எங்க ஆத்து எறா இல்லீங்க! பயப்படாதீங்க! எங்க ஊரு எறா இல்லீங்க!"

நடந்துகொண்டிருந்த இரண்டு மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் சிரித்தபடி பக்கத்தில் வந்தார். அவருக்குப் பின்னால் வரிசை சேர ஆரம்பித்தது. துணிக்குப் பின்னால் அண்டாவில் கை உரசும் சத்தம் கேட்டது. அவள் இன்னும் உரக்கக் கூவினாள்.