கடைசி விசுவாசி

“இங்க நீ மட்டும்தான் வர்றியாம்மா?”

கேமராக்காரர் இப்படிக் கேட்டபோது நான் கையில் துடைப்பத்தோடு பீடத்துக்குக் கீழே குனிந்து நின்றிருந்தேன். அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை தேவாலயத்துக்கு வேறு யார் வருவார்கள்? பெஞ்சுக்கு அடியில் வௌவால் எச்சம் கிடந்தால் டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமை மூக்கைப் பிடித்துக்கொண்டே பாடுவார் என்பதால் வாரம் ஒருமுறை நான் போய்ப் பெருக்குவேன். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். வாக்கியம் முழுதாக எனக்குள் வந்து நின்றது. ஆனால் பழக்கமில்லாத ஆள் கேள்வி கேட்டால் என் தொண்டைக்கு யாரோ தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் இதனால்தான். விடை தெரிந்த கேள்விக்கும் பேசாமல் நின்று, நின்றதற்காகத் திட்டு வாங்கி, ஒரு நாள் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். கேமராக்காரர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, “புரியுதும்மா” என்றார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். துடைப்பத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன். தரையையே பார்க்கச் சொன்னார். அது எனக்குப் பழகிப்போனதுதான்.

நலிந்த சபைகளுக்குக் கை கொடுக்கும் திட்டம் ஒன்றைப் பெரிய சபை தொடங்கியிருந்தது. அதற்காக எடுத்த வீடியோ அது. பெரிய சபையின் திரையில் ஓடிவிட்டுக் கைபேசி கைபேசியாகச் சுற்றி, அம்மாவிடம் துணி தைக்க அளவு கொடுக்க வந்த ஒரு அக்காவின் வழியாக எங்கள் வீட்டுக்கும் வந்தது. சோகமான இசை. காலியான பெஞ்சுகள். ஒழுகலுக்கு வைத்த வாளிகள். ஜன்னலோரம் தலை குனிந்து நான். என் தலைக்கு மேல் பெரிய எழுத்தில், ‘கடைசி விசுவாசி’.

அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கடைசிவரை பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

“வியாழக்கிழமை பள்ளிக்கூடம் இருக்கும், ஆபீஸ் இருக்கும். கோயில்ல யாரு இருப்பா? இதைப் பார்த்தா ஊரே அழுதுச்சு?”

“ரொம்ப உருக்கமா இருந்துச்சுக்கா. நான்கூட அழுதுட்டேன்” என்றார் அந்த அக்கா.

“அழு. இடுப்பளவு சொல்லிட்டு அழு.”

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் அதுதான். கடைசி விசுவாசி, அடுப்புல பால் பொங்குது பாரு. கடைசி விசுவாசி, நூல்கண்டு எங்க வச்ச? அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தெருவில் மற்றவர்கள் சிரிக்காமல் சொன்னார்கள். அதுதான் உறுத்தியது.

வீடியோ முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. எங்கள் தேவாலயத்தில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. கூட்டம் நிறைந்திருந்த காலத்தில் பிடித்த இடம். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போனார்கள். சிலர் குளிர்சாதனமும் பேருந்தும் உள்ள பெரிய சபைக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் யாரும் நகர்ந்து உட்காரவில்லை. டீச்சரம்மா மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், தன் பிள்ளைகள் எல்லோருக்கும் இடம் விட்டு உட்காருவார். அவர்களில் ஒருவர் இருப்பது வேறு கண்டத்தில். எங்கள் பெஞ்சில் நடைபாதை ஓரம் அப்பாவுடையது. அவர் செத்துப்போன பிறகும் அம்மா என்னை அந்தப் பக்கம் நகரவிட மாட்டாள், தன் கைப்பையை வைத்துவிடுவாள். அதனால் நாங்கள் இருப்பதைவிடவும் குறைவாகத் தெரிவோம். பாட்டும்கூட ஒவ்வொரு மூலையிலிருந்தும் தனித்தனியாகக் கிளம்பி, நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் விழாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், சபைச் செயலாளர். மின்கம்பம் ஏறுகிற லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் பெரியப்பாதான் மணி அடிப்பார், வேதபாடம் வாசிப்பார். மழைக்கு முன்னால் ஏணி போட்டு ஓடு மாற்றுவார். எல்லோருக்கும் முன்பாக வந்து வாசல் ஆணியில் குடையை மாட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். வருகிறவர்களுக்குத் தோத்திரம் சொல்வதற்கு முன்னால், “கேட்டை மாட்டினியா?” என்று கேட்பார். வெளிக்கேட்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கம்பி வளையம்தான். அதை மாட்டாமல் வந்தால் நாய் வந்துவிடும் என்று திருப்பி அனுப்புவார். நான் நடை பழகிய நாளிலிருந்து அந்த வளையத்தை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீடியோவுக்குப் பிறகு பெரிய சபையிலிருந்து கோட்டுக்காரர் வந்தார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் அந்தப் பெயர். நல்ல மனிதர், எல்லோர் கையையும் இரண்டு கையாலும் பிடித்தார். ஆராதனை முடிந்ததும் எங்களை உட்கார வைத்துப் பேசினார். கூரையை முழுதாக மாற்றிக் கொடுப்பார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். வாசலில் புதுப் பலகை. கட்டடம் இனி வாலிபர் பயிற்சி மையமாக இருக்கும். ஞாயிறு காலை ஆராதனை இங்கே இருக்காது. பேருந்து வீட்டு வாசலுக்கே வந்து எங்களைப் பெரிய சபைக்கு அழைத்துப் போகும். செயலாளராகப் பெரியப்பா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

“எங்களை உங்க கூட்டாளியா நினைச்சுக்குங்க” என்றார்.

“கூட்டாளின்னா ரெண்டு பக்கமும் கை கொடுக்கணும். நீங்க எங்க கையைக் கேக்கல, கையெழுத்தைத்தான் கேக்குறீங்க” என்றாள் அம்மா.

பெரியப்பா திரும்பினார். “நீ வந்து ஏணியைப் பிடி. அப்புறம் பேசு.”

“கூப்பிட்டீங்களா மாமா?”

“மேல ஏறுனா எனக்கு முட்டி நடுங்குது. ஒரு ஓடு யார் தலையிலயாவது விழுந்தா யாரு பதில் சொல்றது? எனக்கும் வயசாகுதுல்ல. எனக்கப்புறம் இதையெல்லாம் பார்க்க யாரு இருக்கா இங்க, சொல்லுங்க.”

அவர் பார்வை பெஞ்சு பெஞ்சாகச் சுற்றி வந்தது. டீச்சரம்மா, அம்மா, பின்வரிசைத் தாத்தா. என் மேலும் விழுந்தது. நிற்காமல் தாண்டிப் போனது, நான் ஒரு ஜன்னல் என்பதுபோல. கேமராக்காரர் மேல் வராத கோபம் எனக்கு அப்போது வந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கையெழுத்து என்று முடிவானது.

எங்கள் தெருமுனையில் ஒரு மோட்டார் பட்டறை உண்டு. அதன் மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சபை கூடுகிறது. பட்டறை நடத்துகிற மெக்கானிக்தான் அதற்குப் பாஸ்டர். டிரம், கைத்தட்டல், அழுகை, சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். எங்கள் ஆட்கள் அவர்களைத் தகரக் கூட்டம் என்பார்கள். தலைவலிக்கிறது என்று கட்டட உரிமையாளரிடம் புகார் சொன்னவர்களில் பெரியப்பாவும் ஒருவர். இந்த மாதத்தோடு மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று மெக்கானிக்கின் மனைவி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சனிக்கிழமை, கிழிசல் தைத்த வேலை உடுப்புகளைக் கொடுக்க நான் பட்டறைக்குப் போனேன். ஒரு வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. முகம் இல்லாத ஆளிடம் பேசுவது அத்தனை கஷ்டம் இல்லை என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

“பாஸ்டர், நாளைக்குக் காலைல எங்க கோயிலுக்கு வாங்க. எல்லாரும் வாங்க.”

ஸ்பேனர் சத்தம் நின்றது. “யாரு?”

“தையல்காரம்மா பொண்ணு.”

“ஓ, கடைசி விசுவாசியா?”

“கடைசி இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

கால்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. “உங்க பெரியப்பாவுக்கு எங்க சத்தமே ஆகாதே.”

“ஆகாது.”

“நீ வந்தது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப யாரு அனுப்புனா?”

“நானேதான் வந்தேன். உங்களுக்குச் சுவர் இல்ல. எங்ககிட்ட சுவர்தான் இருக்கு.” தாழ்ப்பாள் விழுவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். “கூரை ஒழுகும். ஆனா டிரம் வைக்க ஒழுகாத இடம் எனக்குத் தெரியும்.”

வேனுக்கு அடியில் சிரிப்பு கேட்டது. சக்கரப் பலகையோடு அவர் வெளியே உருண்டு வந்தார். நெற்றியெல்லாம் கிரீஸ். முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. துணியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். தையல் மிஷின் நின்றது.

“என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு.”

“வர்றேன்னாரா?”

“அதுக்குள்ள நான் வந்துட்டேன்.”

அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே, “ஞானஸ்நானத் தொட்டி பக்கத்துல அந்த உடைஞ்ச நாற்காலி கெடக்குல்ல, அதை எடுத்துடு. டிரம் வைக்க இடம் வேணும்” என்றாள்.

ஞாயிறு காலை மழை. பெரியப்பா வழக்கம்போல முதல் ஆளாக வந்து ஆணியில் குடையை மாட்டியிருந்தார். நாங்கள் வாளிகளை நகர்த்திக்கொண்டிருந்தோம். முதல் மணி அடித்து முடிந்தபோது கேட்டில் சத்தம் கேட்டது. மெக்கானிக் ஒரு கையில் டிரம்மைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றித் தூக்கி வந்தார். அவருக்குப் பின்னால் குடைகள், தலையில் துண்டு போட்டவர்கள், இடுப்பில் குழந்தை வைத்தவர்கள். ஆணி போதாமல் ஜன்னல் கம்பியிலும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குடைகளை மாட்டினார்கள். கேட்டை மாட்டச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

பெரியப்பா மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். “இவங்களை யாரு வரச் சொன்னது?”

அம்மா வாளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் பெரியப்பா” என்றேன்.

அவர் பார்வை என்மேல் விழுந்தது. இந்த முறை தாண்டிப் போகவில்லை. பிறகு திரும்பி இரண்டாம் மணியை அடித்தார்.

வந்தவர்களுக்கு அவரவர் இடம் என்பது தெரியாது. கண்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். டீச்சரம்மாவின் பிள்ளைகளுக்கான இடத்தில் மூன்று பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவரையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். டீச்சரம்மா முறைத்தார். பிறகு அவர்கள் கையில் பாட்டுப் புத்தகம் இல்லாததைப் பார்த்துத் தன்னுடையதை நடுவில் பிடித்தார். எங்கள் பெஞ்சருகே டயர் மாற்றுகிற ஆள் வந்து நின்றார். பெரிய உடம்பு, எப்படித் தேய்த்தும் நகத்தில் கறுப்பு போயிருக்கவில்லை.

“இங்க யாராச்சும் வர்றாங்களாம்மா?”

அம்மா கைப்பையைப் பார்த்தாள். “இல்லண்ணே” என்று சொல்லிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கோட்டுக்காரர் நனைந்த கோட்டோடு வந்தபோது நான் வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒப்பந்தக் கோப்பு. பின்னால் கேமராக்காரர்.

“இவங்கெல்லாம் யாரும்மா?”

அவருடைய காலணிகளைப் பார்த்தேன். பளபளவென்றிருந்தன. அவற்றிடமே பேசியிருக்கலாம். ஆனால் தலையை நிமிர்த்தினேன்.

“எங்களோட சேர வந்தவங்க. அன்னைக்கு வியாழக்கிழமை. நான் பெருக்க வந்தேன். கும்பிட வர்றது ஞாயித்துக்கிழமை.”

குரல் நடுங்கியது, ஆனால் நின்றுவிடவில்லை. கேமராக்காரர் தன் கேமராவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து வந்தாள்.

“கூரை போடுங்க, வேணாம்னு சொல்லல. நாங்களும் ஏணி பிடிக்கிறோம். பஸ்ஸை மட்டும் இந்தப் பக்கமாத் திருப்பி விடுங்க. உங்க ஆளுங்களை ஏத்திக்கிட்டு இங்க வரட்டும். கையெழுத்துக்கு என்ன அவசரம், அப்புறம் பாத்துக்கலாம், உக்காருங்க.”

கோட்டுக்காரர் சுற்றிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் ஓர் ஓரம்தான் காலியாக இருந்தது. மேலே ஒழுகும் இடம். உட்கார்ந்து கோப்பைத் தலைமேல் பிடித்துக்கொண்டார்.

பெரியப்பா வேதபாடம் வாசிக்கப் போனார். வழக்கமாகத் தனக்குள் படிப்பதுபோல வாசிப்பார், அதுவே எல்லோருக்கும் கேட்கும். இன்று மழை, குழந்தைகள், இருமல். முதல் வரி யாருக்கும் எட்டவில்லை. நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார், கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல. அந்தக் குரல் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முன் பெஞ்சிலிருந்து கதவு வரைக்கும் முகங்கள். குனிந்தபோது வரி தவறிவிட்டது. விரலால் தேடினார். வெகு நேரம் தேடினார். கண்டுபிடித்து வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி, அதன் மேல் கையை வைத்தபடி நின்றார்.

மெக்கானிக் தலையசைத்தார். டிரம் தொடங்கியது. ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்தது. ஒழுகாத இடம் என்று நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. டீச்சரம்மா ஒரு தாளத்தில், தகரக் கூட்டம் ஒரு தாளத்தில், ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு பாடினார்கள். யாரும் விட்டுக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

பெரியப்பா நடைபாதை வழியாக வந்தார். கோட்டுக்காரரின் கோப்பைப் பார்க்காமலே என்னைக் கடந்து வாசலுக்குப் போனார். நான் புத்தகங்களோடு பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். அவருடைய குடை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அவர் எதையும் இழுக்கவில்லை. ஈரக் குடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, தன்னுடையதை எடுத்த பிறகு, மற்றவற்றை ஒன்றொன்றாகத் திரும்ப ஆணியில் மாட்டினார். ஒரு சின்னக் குடையின் பட்டன் அவிழ்ந்திருந்தது. அதைப் போட்டுவிட்டு மாட்டினார். பிறகு தன் குடையை விரித்து மழைக்குள் இறங்கினார்.

கூப்பிட்டேனா என்று தெரியவில்லை. கூப்பிட்டிருந்தாலும் டிரம்மில் கேட்டிருக்காது. கேட் அருகில் நின்றார். கம்பி வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். இனி அது தன் வேலை இல்லை என்பதுபோல அப்படியே விட்டுவிட்டு, வெளியே போய், தெருவில் இடப்பக்கம் திரும்பினார். கேட் அகலத் திறந்து கிடந்தது. வளையம் மழையில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.